பெல்ட் கயிறு அல்ல

ஸ்கூட்டர் பெல்ட்டைப் பற்றி நம் ஊர் மெக்கானிக் கடைகளில் இரண்டு வாசகங்கள் வேதவாக்காக நிற்கின்றன. ஒன்று, “அறுந்தா மாத்திக்கலாம்.” இன்னொன்று, “ரப்பர்தானே சார், எதைப் போட்டாலும் ஓடும்.” வண்டிக்காரரும் தலையாட்டிவிடுகிறார். இரண்டு வாசகங்களும் ஒரே நம்பிக்கையின் இரு கிளைகள். எஞ்சினையும் சக்கரத்தையும் கட்டி இழுக்கும் ஒரு கயிறு என்றுதான் பெல்ட்டை எல்லோரும் நினைக்கிறார்கள். கயிறு என்றால் அதன் தரம் அறுபடாமல் இருப்பது. அதன் ஆயுள் அறுகிற நாள்வரை. ஆகவே புது பெல்ட் வாங்கப் போகிறவர் கேட்கும் ஒரே கேள்வி “எவ்வளவு நாள் தாங்கும்?” என்பது. அதற்குக் கடைக்காரர் தரும் ஒரே பதில் “கெவ்லார் சார், அறுந்தே போகாது” என்பது. இந்தக் கேள்வியே தவறு என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். அறுபடாத பெல்ட் நல்ல பெல்ட் என்ற கருத்து வண்டிக்காரரின் பெட்ரோலையும் நேரத்தையும் பல மாதங்கள் சத்தமில்லாமல் தின்கிறது. பெல்ட் தேர்வில் நாம் செய்யும் மற்ற தவறுகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

இந்த நம்பிக்கை முட்டாள்தனத்தில் பிறந்தது அல்ல. அதற்கு மரியாதையான பூர்வீகம் உண்டு. நமக்குப் பெல்ட்டை அறிமுகப்படுத்தியவை மாவு மில்லும் நெல் அரவை ஆலையும் கிணற்றடி டீசல் எஞ்சினும். தென்மாவட்டங்களில் பெல்ட் என்றதும் மதுரைக் கோச்சடையில் ஆலை வைத்திருக்கும் ஃபென்னரின் பெயர் வாய்க்கு வருவது அந்தக் காலத்தின் தடம். அந்த உலகத்தில் வி-பெல்ட்டுக்கு ஏ, பி, சி என்று பொதுவான அளவுப் பிரிவுகள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. ‘பி 52’ என்று கேட்டால் மேல் அகலம் 17 மி.மீ., உள்சுற்று 52 அங்குலம் என்று கடைப் பையனுக்கே தெரியும். எந்தக் கம்பெனி தயாரித்தாலும் அந்த எண் அந்த அளவைத்தான் குறிக்கும். பெல்ட் சுற்றும் இரண்டு சக்கரங்களும் மாறாத அளவு கொண்டவை. பெல்ட் தளர்ந்தால் மோட்டாரைப் பின்னால் தள்ளி போல்ட்டை முறுக்கினால் போதும். பெல்ட் சற்றுத் தேய்ந்து பள்ளத்தில் கொஞ்சம் இறங்கி ஓடினாலும் மாவு மாவாகத்தான் வரும். அங்கே பெல்ட்டைக் கயிறு என்று நினைத்ததில் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. 1980களின் நடுவில் கைனெடிக் ஹோண்டாவும், 1990களில் ஓசூரிலிருந்து டிவிஎஸ் ஸ்கூட்டியும், 2001இல் ஆக்டிவாவும் வந்தபோது பெல்ட்டின் வேலை அடியோடு மாறிவிட்டது. பெல்ட்டைப் பற்றிய நம் எண்ணம் மட்டும் மாவு மில்லிலேயே தங்கிவிட்டது.

ஸ்கூட்டரின் இடப்பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தால் இந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியும். முன்னால் எஞ்சின் தண்டில் ஒரு சக்கரம் (வேரியேட்டர்), பின்னால் கிளட்ச்சோடு சேர்ந்து ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி ஒரு பெல்ட். சக்கரம் ஒவ்வொன்றும் இரண்டு தட்டுகளால் ஆனது. எதிரெதிரே வைத்த இரண்டு தாம்பாளங்கள்போல அவை நெருங்கவும் விலகவும் செய்யும். எஞ்சின் வேகம் ஏறும்போது முன்சக்கரத்துக்குள் இருக்கும் ரோலர்கள் வெளிப்பக்கமாக ஓடித் தட்டுகளை நெருக்குகின்றன. நடுவில் இருக்கும் பெல்ட் பிதுங்கி மேலே ஏறுகிறது. பெல்ட்டின் நீளம் மாறாதாகையால் பின்சக்கரத்தில் அது ஸ்பிரிங்கை எதிர்த்துத் தட்டுகளைப் பிளந்துகொண்டு உள்ளே இறங்குகிறது. முன்னால் சிறு வட்டம், பின்னால் பெரிய வட்டம் என்றால் முதல் கியர். முன்னால் பெரியது, பின்னால் சிறியது என்றால் டாப் கியர். நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் 1958இல் தன் டாஃப் 600 காரில் வேரியோமேட்டிக் என்ற பெயரில் காட்டிய ஏற்பாட்டின் அடிப்படைதான் இது. இவ்வகைக் கார்கள் பின்னாளில் பெரும்பாலும் எஃகுப் பெல்ட்டுக்குப் போய்விட்டன. ஸ்கூட்டர்கள் ரப்பரிலேயே நிற்கின்றன. இந்த அமைப்பில் கியர்ப் பெட்டி என்று தனியாக எதுவும் ஒளிந்திருக்கவில்லை. பின்சக்கர அச்சுக்கு முன்னால் இருக்கும் ஓரிரு பற்சக்கரங்கள் எப்போதும் ஒரே விகிதத்தில் சுற்றுபவை. கியர் மாற்றும் வேலை முழுவதும் பெல்ட்டின் இரண்டு பக்கச் சுவர்கள் தட்டுகளின் எந்த உயரத்தில் உட்காருகின்றன என்பதில் அடங்கியிருக்கிறது. அதைத் தீர்மானிப்பது பெல்ட்டின் அகலம். ஆகவே ஸ்கூட்டரில் பெல்ட்தான் கியர். தேய்ந்த கயிறு அறுகிறவரை கயிறாகவே இருக்கும். தேய்ந்த கியர் அன்றிலிருந்தே வேறு கியர்.

எவ்வளவு வேறு என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஸ்கூட்டர் பெல்ட்டின் பக்கச் சுவர்கள் இரண்டும் சேர்ந்து பெரும்பாலும் 28 முதல் 30 டிகிரி கோணம் அமைக்கின்றன. 30 டிகிரி என்று வைத்துக்கொண்டால், பெல்ட் அகலத்தில் 1 மி.மீ. தேய்ந்தால் அது தட்டுகளுக்கு நடுவே ஏறக்குறைய 1.9 மி.மீ. கீழே இறங்கி உட்காரும். தேய்மானத்தைக் கோணமே இரட்டிப்பாக்கிவிடுகிறது. எடுத்துக்காட்டுக்கு, டாப் ஸ்பீடில் முன்சக்கரத்தில் பெல்ட் 50 மி.மீ. ஆரத்திலும் பின்சக்கரத்தில் 40 மி.மீ. ஆரத்திலும் ஓடுவதாகக் கொள்வோம். விகிதம் 1.25. பெல்ட் 1 மி.மீ. தேய்ந்தபின் முன்தட்டுகள் முழுக்க நெருங்கினாலும் அது 48.1 மி.மீ. உயரத்துக்கு மேல் ஏறாது. முன்னால் மிஞ்சும் நீளத்தைப் பின்சக்கர ஸ்பிரிங் இழுத்துக்கொள்வதால் அங்கே ஆரம் 41.9 ஆகும். விகிதம் 1.15. எட்டு சதவீதம் போயிற்று. 80 கி.மீ. வேகம் தந்த அதே எஞ்சின் சுழற்சி இப்போது 73, 74தான் தரும். பழைய 80ஐப் பிடிக்கவேண்டுமானால் எஞ்சின் ஒன்பது சதவீதம் கூடுதலாகச் சுழலவேண்டும். அதற்கான பெட்ரோலை யார் தருவது? சர்வீஸ் கையேடுகளில் புது பெல்ட்டின் அகலத்துக்கும் மாற்றியே ஆகவேண்டிய அகலத்துக்கும் நடுவே விடப்பட்டிருக்கும் இடைவெளி பெரும்பாலும் 1 மி.மீ. அளவில் இருப்பது தற்செயல் அல்ல. அந்த 1 மி.மீ. தீர்ந்த பெல்ட் அறுந்திருக்காது. அறுகிற அடையாளம்கூட அதில் இருக்கவேண்டியதில்லை. ஆனால் அதன் வேலை முடிந்துவிட்டது.

நஷ்டம் டாப் ஸ்பீடோடு நிற்பதும் இல்லை. வண்டி நிற்கும்போது பின்சக்கரத் தட்டுகள் ஸ்பிரிங்கின் அழுத்தத்தால் முழுக்க மூடியிருக்கும். புது பெல்ட் அங்கே விளிம்புவரை ஏறி நிற்கும். தேய்ந்த பெல்ட் அதே மூடிய தட்டுகளுக்குள் கீழே இறங்கிவிடுவதால் முன்பக்கம் தொய்வு விழுகிறது. கிளம்பும்போது முன்தட்டுகள் முதலில் இந்தத் தொய்வைப் பிடித்துத் தீர்க்கவேண்டும். பிடித்து முடிக்கும்போது வண்டி முதல் கியரைத் தாண்டிய நிலையிலிருந்து கிளம்புகிறது. இப்படிக் கியரின் வீச்சு மேலேயும் சுருங்குகிறது, கீழேயும் சுருங்குகிறது. தொய்வைப் பிடிக்கும் அந்த நொடிகளில் பெல்ட் வழுக்குகிறது, வழுக்கல் சூடாகிறது, சூட்டில் ரப்பர்ச் சுவர் கண்ணாடிபோல் பளபளத்து இறுகுகிறது, இறுகிய சுவர் இன்னும் அதிகமாக வழுக்குகிறது. மேம்பாலம் ஏறும்போது இரண்டு பேரை வைத்துக்கொண்டு வண்டி திணறுவது இதனால்தான். வண்டிக்காரர் இதை “பிக்கப் போச்சு” என்கிறார். மெக்கானிக் கார்புரேட்டரைக் கழுவுகிறார், ஸ்பார்க் பிளக் மாற்றுகிறார், கிளட்ச் ஷூ மாற்றுகிறார், கடைசியில் “வண்டி பழசாயிடுச்சு சார்” என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார். பெல்ட்டை யாரும் சந்தேகிக்கவில்லை. ஏனென்றால் அது அறுபடவில்லை!

இனி கெவ்லாருக்கு வருவோம். டூபாண்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி குவாலெக் 1965இல் கண்டறிந்த இழை அது. எடைக்கு எடை எஃகைப்போல் ஐந்து மடங்கு வலுவானது என்று சொல்லப்படுவதால் அந்தப் பெயர் பெட்டிமேல் இருந்தாலே வாங்குபவரின் மனம் நிறைந்துவிடுகிறது. கயிற்றுக்கு அது பொருத்தமான புகழ்தான். ஆனால் ஸ்கூட்டர் பெல்ட் எவ்வளவு பாரம் இழுக்கிறது? 110 சிசி எஞ்சின் ஒன்றின் உச்ச முறுக்குவிசை ஏறக்குறைய 9 நியூட்டன் மீட்டர். முன்சக்கரத்தில் பெல்ட் மிகச் சிறிய வட்டத்தில், 20 மி.மீ. ஆரத்தில் ஓடுகிறது என்று கொண்டாலும் எஞ்சின் பெல்ட்டில் ஏற்றும் இழுவை 450 நியூட்டன். அதாவது இரண்டு 25 கிலோ அரிசிச் சிப்பத்தின் பாரத்தைவிடக் குறைவு. இதற்கு அறுந்துபோகும் அளவுக்கு எந்த ஒழுங்கான பெல்ட்டின் இழைகளும் பலவீனமானவை அல்ல. கெவ்லார் இழையால் உண்மையில் கிடைக்கும் நன்மை வேறு: சூட்டிலும் இழுவையிலும் அது நீளாது. நீளம் மாறாதது கியரின் குணம். பெல்ட்டின் உண்மையான சோதனை பக்கவாட்டில் நடக்கிறது. 30 டிகிரிப் பள்ளத்துக்குள் பெல்ட்டை ஆப்புபோல் இறக்கினால், இறக்கும் விசையைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு விசை இரண்டு பக்கச் சுவர்களிலும் சேர்த்து விழுகிறது. அந்தப் பிடிதான் வண்டியை ஓட்டுகிறது. அந்த நெருக்கலில் பெல்ட் நடுவில் வளைந்து குழியாமல், அகலம் சுருங்காமல் நிற்கவேண்டும். அதே சமயம் ஒவ்வொரு சுற்றிலும் சிறு வட்டத்தில் வளைந்து நிமிரவும் வேண்டும். குறுக்கே விறைப்பு, நெடுக்கே நெளிவு. இந்த முரண்பட்ட இரு குணங்களுக்காகத்தான் ரப்பருக்குள் குறுக்குவாட்டில் நுண்ணிழைகளைக் கலக்கிறார்கள், பெல்ட்டின் அடியில் பல்பல்லாக வெட்டு விடுகிறார்கள். பெட்டிமேல் கொட்டை எழுத்தில் அச்சாகும் பெயர் இழையினுடையது. வண்டியை ஓட்டுவதோ, பெட்டியில் எழுதப்படாத ரப்பர்க் கலவையும் குறுக்கு விறைப்பும். “கெவ்லார்” என்ற ஒரே சொல்லை நம்பிப் பெல்ட் வாங்குவது மேளத்தின் வாரைப் பார்த்து நாதத்தை மதிப்பிடுவதற்குச் சமம்.

“சரி, அகலமும் நீளமும் ஒன்றாக இருந்தால் எந்த பெல்ட்டைப் போட்டால் என்ன?” என்று அடுத்த கேள்வி வரும். இது மாவு மில் வாதத்தின் மறுபிறவி. ஏ, பி, சி பிரிவுகள்போல எல்லா ஸ்கூட்டருக்கும் பொதுவான அளவு வரிசை ஒன்றை நம் கடைத்தெருவில் காணமுடியாது. பெல்ட்டின் முதுகில் சில சமயம் 743-20-30 என்பதுபோல மூன்று எண்கள் அச்சாகியிருக்கும்: நீளம் 743 மி.மீ., அகலம் 20 மி.மீ., கோணம் 30 டிகிரி. கடைக்காரர் முதல் இரண்டைப் பார்த்து “அதேதான்” என்பார். மூன்றாவதை யாரும் படிப்பதில்லை. 30 டிகிரிப் பள்ளத்தில் அதைவிட விரிந்த கோணமுள்ள பெல்ட் உட்கார்ந்தால் அதன் மேல் விளிம்பு மட்டும் தட்டைத் தொடும். குறுகிய கோணமுள்ளது உட்கார்ந்தால் அடி விளிம்பு மட்டும் தொடும். முழுச் சுவரும் சுமக்கவேண்டிய பாரத்தை ஒரு கோடு சுமக்கும். முதல் வாரம் வண்டி அருமையாக ஓடும். பிறகு அந்த விளிம்பு கரைந்து மூடிக்குள் கறுப்புப் பொடி குவியத் தொடங்கும். நீளத்திலும் அப்படித்தான். சற்றே குட்டையான பெல்ட் பின்தட்டுகளை நிற்கும்போதே பிளந்துவைக்கும். முதல் கியர் காணாமல் போகும். சற்றே நீளமானது முன்னால் தொய்ந்து கிடக்கும். பழைய பெல்ட்டைக் கையில் கொண்டுபோய்ப் புதியதோடு சேர்த்துப் பிடித்து அளவு பார்க்கும் வழக்கம் இங்கே உதவாது. தேய்ந்ததை அளவுகோலாக வைத்துப் புதியதைத் தேர்ந்தால் தேய்மானத்துக்கே புது பெல்ட் வாங்கியதாக ஆகும்.

நம்பவேண்டியது உதிரிபாக எண்ணை. அதையும் முழுதாகப் படிக்கவேண்டும். ஹோண்டாவின் எண் முறையில் முதல் ஐந்து இலக்கங்கள் 23100 என்று இருந்தால் அது டிரைவ் பெல்ட் என்று பொருள். அடுத்து வரும் மூன்று எழுத்துத் தொகுப்புதான் எந்த மாடலுக்கானது என்பதைச் சொல்கிறது. ஒரே பெயரில் பல ஆண்டுகளாக விற்கும் ஸ்கூட்டர்களில் எஞ்சின் மாறும், வேரியேட்டர் மாறும், பெல்ட்டும் மாறும். வண்டியின் பக்கவாட்டில் ஒட்டிய பெயர்ப்பலகை மட்டும் மாறாது. “ஆக்டிவா பெல்ட் ஒண்ணு கொடுங்க” என்று கேட்பது “சட்டை ஒண்ணு கொடுங்க” என்று கேட்பது மாதிரி. எந்த ஆண்டு வண்டி, எந்த எஞ்சின் என்று திருப்பிக் கேட்காத கடைக்காரர், மாட்டிப் பார்த்து அளவு சரிசெய்யும் தையற்காரரும் அல்லர்.

அனுபவத்தை முன்வைக்கும் ஆட்சேபம் இதைவிட வலுவானது. “என் வண்டி 40,000 ஓடிச்சு, பெல்ட்டைத் தொட்டதே இல்லை” என்று சொல்பவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மேடில்லாத ஊரில், ஒற்றை ஆளாக, சீரான வேகத்தில் ஓடும் வண்டியில் பெல்ட் மெதுவாகத்தான் தேயும். ஆனால் அவர்களின் சாட்சியம் நிரூபிப்பது பெல்ட் அறுபடவில்லை என்பதை மட்டுமே. வண்டி முன்புபோல் ஓடியது என்பதை அல்ல. தேய்மானம் நாளுக்கு ஒரு மயிரிழையாக நடக்கிறது. ஓட்டுபவரின் வலது கையும் அதற்கேற்ப நாளுக்கு ஒரு மயிரிழை கூடுதலாகத் திருகக் கற்றுக்கொள்கிறது. அடுத்த வண்டியோடு ஒப்பிட்டாலொழிய இழப்பு தெரியாது. பார்வை மெல்ல மங்குபவர் கண்ணாடி போட்ட அன்றுதான் இத்தனை நாள் என்ன பார்க்கவில்லை என்று அறிகிறார். பெல்ட் மாற்றிய அன்று “புது வண்டி மாதிரி இருக்கு” என்று வியப்பவர்களும் அதே வகையினர்தான். அந்த வியப்பு, பெல்ட்டை மாற்றத் தாமதித்ததற்கு அவர்களே கொடுக்கும் வாக்குமூலம்.

“20,000 கிலோமீட்டருக்கு மாத்து, 24,000க்கு மாத்து என்பதெல்லாம் கம்பெனிக்காரன் பார்ட்ஸ் விற்கும் தந்திரம்” என்ற வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதியை ஒப்புக்கொள்ளவேண்டும். கையேட்டில் இருக்கும் கிலோமீட்டர் எல்லாருக்குமாகச் சேர்த்து எழுதப்பட்ட எண். ஊட்டியில் ஓடும் வண்டிக்கும் தஞ்சாவூரில் ஓடும் வண்டிக்கும் பெல்ட் ஒரே வேகத்தில் தேயாது. உணவு டெலிவரிக்கு நாளெல்லாம் நின்று நின்று கிளம்பும் வண்டி வேறு. அது நாளுக்கு 100 கி.மீ. ஓடினால் 24,000 எட்டு மாதத்தில் முடிந்துவிடும். வாரத்துக்கு இரண்டு முறை கோயிலுக்குப் போய்வரும் வண்டியில் கிலோமீட்டர் ஏறாமலே ரப்பர் வயதாகி, பல்லிடுக்குகளில் வெடிப்பு விடும். ஆகவே கிலோமீட்டர் ஒரு நினைவூட்டல் மட்டுமே, தீர்ப்பு அல்ல என்பது சரி. ஆனால் அதற்கு மாற்று “அறுகிறவரை ஓட்டு” என்பதாகிவிடாது. மாற்று, அளந்து பார்ப்பது. எந்த மெக்கானிக்கிடமும் இருக்கவேண்டிய வெர்னியர் காலிபரால் பெல்ட்டின் மேல் அகலத்தை, அமுக்காமல், நான்கைந்து இடங்களில் அளந்து, குறைந்த எண்ணைக் கையேட்டின் எல்லையோடு ஒப்பிட்டால் கம்பெனியையும் நம்பவேண்டாம், மெக்கானிக்கையும் நம்பவேண்டாம். இரண்டு நிமிட வேலை. தந்திரத்துக்கு அஞ்சுபவருக்கு அளவுகோலைவிடப் பெரிய துணை எது?

இதே நேர்மையோடு மறுபக்கத்து மூடநம்பிக்கையையும் மறுத்தாகவேண்டும்: கம்பெனிப் பெட்டியில் வந்தால் மட்டுமே பெல்ட் என்பது. ஸ்கூட்டர் கம்பெனிகள் பெல்ட்டைத் தாங்களே வார்ப்பதில்லை. பாண்டோ, மிட்சுபோஷி, கேட்ஸ் போன்ற பெல்ட் தயாரிப்பாளர்களிடம் தங்கள் வேரியேட்டருக்கு ஏற்றபடி செய்து வாங்குகின்றன. அதே தயாரிப்பாளர் அதே மாடலுக்கென்று தன் பெயரிலேயே விற்கும் பெல்ட்டை வாங்குவதில் குற்றம் ஒன்றும் இல்லை. விலையும் சில சமயம் குறையும். வண்டிக் கம்பெனியின் சின்னத்தை அச்சிட்ட போலிப் பெட்டிகளும் சந்தையில் புழங்கும்போது பெட்டியைக் கும்பிடுவது பாதுகாப்பும் ஆகாது. பெட்டியைவிட உள்ளே இருப்பதைப் பார்ப்பது மேல். முதுகில் எண்ணும் தயாரிப்பாளர் பெயரும் தெளிவாக, விரலால் தேய்த்தால் அழியாமல் இருக்கிறதா. பக்கச் சுவர்கள் இரண்டும் ஒரே சீராக வெட்டப்பட்டிருக்கின்றனவா. பற்கள் ஒன்றுபோல் இருக்கின்றனவா. காலிபரில் வைத்தால் கையேட்டின் புது அகலம் வருகிறதா. கடையின் முகப்பில் மாலைபோல வெயிலில் தொங்கும் பெல்ட்டும், கம்பியால் இறுக்கி மடித்துக் கட்டிய பெல்ட்டும் யார் தயாரித்ததானாலும் வேண்டாம். வெயிலும் காற்றும் ரப்பரை விற்பதற்கு முன்பே முதுமையாக்கும். கூர்மையான மடிப்பு இழையை முறிக்கும்.

விலை பற்றிய ஆட்சேபத்துக்குப் பதில் சொல்லாமல் விட்டால் இந்த வாதம் வசதியானவர்களின் வாதமாகிவிடும். லோக்கல் பெல்ட்டுக்கும் தரமான பெல்ட்டுக்கும் நடுவே சில நூறு ரூபாய் வித்தியாசம் இருக்கிறது. தினக்கூலிக்கு அது சிறு தொகை அல்ல. ஆனால் பெல்ட் மாற்றும் செலவு பெல்ட்டின் விலை மட்டுமா? மூடியைக் கழற்றி, நட்டை அவிழ்த்து, மாட்டித் திருப்பித் தரும் கூலி மலிவு பெல்ட்டுக்கும் அதேதான். பாதிக் காலத்தில் அது தேய்ந்தால் கூலியை இருமுறை கொடுக்கவேண்டும். தேய்ந்த விளிம்புகளோடு ஓடிய நாட்களின் கூடுதல் பெட்ரோல், வழுக்கலில் சூடாகித் தட்டுகளில் விழும் பள்ளம், நடுவழியில் அறுந்தால் வண்டியை ஏற்றிவரும் லோடு ஆட்டோ வாடகை, அன்றைய வருமானம் எல்லாம் அதே கணக்கில்தான் வரும். அறுந்த பெல்ட்டின் நார் கிளட்ச்சில் சுற்றிக்கொண்டால் செலவு பெல்ட்டோடு நிற்காது. மலிவு பெல்ட்டால் அதிகம் இழப்பவர், மலிவைத் தேடிப்போக வேண்டிய நிலையில் இருப்பவர்தான். அவருக்குப் பணம் மிச்சப்படுத்தித் தருவதாகச் சொல்லி அதை விற்பது உதவி ஆகாது.

“ஹார்லியிலும் பிஎம்டபிள்யூவிலும் பெல்ட் நேராகப் பின்சக்கரத்தையே இழுக்கிறதே, அங்கே வலுதானே முக்கியம்?” என்று மோட்டார்சைக்கிள் பிரியர்கள் கேட்கக்கூடும். உண்மை, 1980இல் ஹார்லியின் ஸ்டர்ஜிஸ் மாடலிலும், 2006இல் பிஎம்டபிள்யூ எஃப் 800 எஸ், எஸ்டி மாடல்களிலும் வந்த பெல்ட் செயின் செய்யும் வேலையைச் செய்கிறது. ஓசூரில் தயாராகும் ஏதர் மின்ஸ்கூட்டர்களின் பெல்ட்டும் இந்த இனம்தான். இவை பற்சக்கரத்தில் பல்லோடு பல் பொருந்தி ஓடுபவை; கியர் மாற்றும் பொறுப்பு இவற்றுக்கு இல்லை. கயிறு என்ற உவமை இங்கே ஓரளவு பொருந்தும். ஆனால் இங்கேயும் வாங்குபவரைக் காப்பாற்றுவது வலு பற்றிய விளம்பரம் அல்ல. ஹார்லியிலேயே ஆண்டுக்கும் மாடலுக்கும் ஏற்ப ஒன்றரை அங்குலம், ஒன்றேகால் அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு என்று அகலங்கள் மாறியிருக்கின்றன; பல் எண்ணிக்கையும் மாறியிருக்கிறது. ஒரு பல் பிசகினால் பின்சக்கரத்தைச் சரியான இடத்தில் நிறுத்தமுடியாமல் போகலாம். இழுவையைக் கூடுதலாக முறுக்கினால் பேரிங் போகும். குறைத்தால் பல் தாவும். உலகத்திலேயே வலுவான இழையைக் கொண்ட பெல்ட்டையும் ஒருமுறை கூர்மையாக மடித்தால் போதும், உள்ளே இழை முறிந்து, வெளியே எதுவும் தெரியாமல், பிறகொரு நாள் அறும். வலுவையே நம்பும் இடத்திலும் அளவும் கையாளும் முறையுமே பெல்ட்டைக் காக்கின்றன என்றால், கியராகவே வாழும் ஸ்கூட்டர் பெல்ட்டுக்கு என்ன சொல்வது?

பெல்ட் கியர் என்பதை ஒப்புக்கொண்டால் இன்னொன்றையும் ஒப்புக்கொண்டாகவேண்டும்: அது ஒற்றைப் பொருள் அல்ல, ஜோடிப் பொருள். தட்டுகளில் விரல் நகத்தால் உணரும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் எந்தப் புது பெல்ட்டும் அந்தப் பள்ளத்தில் தடுக்கி நிற்கும். ரோலர்கள் ஒருபக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தால் தட்டுகள் சீராக நெருங்காது. எண்ணெய் சீல் கசிந்து தட்டில் எண்ணெய் படிந்திருந்தால் நல்ல பெல்ட்டும் வழுக்கும். மாட்டும்போது பின்தட்டுகளைக் கையால் பிளந்து பெல்ட்டை ஆழமாக இறக்கி, முன்பக்கம் தளர்வு உண்டாக்கியபின்தான் முன்நட்டை முறுக்கவேண்டும். அவசரத்தில் பெல்ட் முன்தட்டுகளுக்கு நடுவே கடிபட்டிருக்க நட்டை ஏற்றிவிட்டால் முறுக்கு முழுவதும் ரப்பர்மேல் நிற்கும். பெல்ட் விலகியதும் நட்டு தளர்ந்து தண்டின் பற்களைத் தின்னும். அம்புக்குறி அச்சாகியிருந்தால் அது சுழலும் திசையைக் காட்ட வேண்டும். ஆகவே பெல்ட் தேர்வு கடைக் கவுன்டரில் முடிகிற காரியம் அல்ல. மூடியைத் திரும்ப மாட்டும் வரை அது தொடர்கிறது.

அடுத்த முறை வண்டியைச் சர்வீஸுக்கு விடும்போது பெல்ட் எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள். “நல்லா இருக்கு சார்” என்ற பதில் அங்கே தயாராக இருக்கும். பெல்ட்டின் அகலம் எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். கையேட்டின் எல்லை எவ்வளவு என்று கேளுங்கள். மாற்றவேண்டும் என்றால் உங்கள் வண்டியின் ஆண்டைச் சொல்லி, முழு உதிரிபாக எண்ணைச் சரிபார்த்து, புது பெல்ட்டையும் அளந்து காட்டச் சொல்லுங்கள். எண் சொல்ல முடியாதவர் விற்பது கயிறுதான்.